லேடில் வாட்டர் மாடல்ல பப்பிள் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு ஆள புடிக்கிற வழி

ஒரு மெட்டலர்ஜி லேப்ல வருஷக்கணக்கா ஒரே தொட்டிய கட்டிக்கிட்டு மாரடிச்சவன் நான். ஸ்டீல் பிளான்ட்ல உருகின ஸ்டீல ஊத்தி வைக்கற பெரிய வாளிதான் லேடில், அதுக்கு அடியில இருந்து பிளக் (பொடித் துவாரம் உள்ள கல் அடைப்பு) வழியா ஆர்கான் கேஸ விட்டு கலக்குவாங்க, அந்த பப்பிள் எங்க போகுது, எவ்வளவு பெருசா இருக்கு, எவ்வளவு நேரத்துல கலக்குதுன்னு பாக்கணும், ஆனா 1600 டிகிரி இரும்புக் குழம்புக்குள்ள எட்டிப் பாக்க முடியாது. அதனால அக்ரிலிக் தொட்டியில தண்ணிய ஊத்தி பாக்கறோம். தண்ணிக்கும் உருகின ஸ்டீலுக்கும் கைனமேடிக் விஸ்காசிட்டி (அடர்த்தியால வகுத்த பிசுபிசுப்பு) கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்த ஒரு ஒத்துமைய நம்பித்தான் இந்த மொத்தப் பொழப்பும் ஓடுது.

எங்க தொட்டி நிஜ லேடில்ல அஞ்சுல ஒரு பங்கு சைஸ், 60 செ.மீ. விட்டம், 60 செ.மீ. தண்ணி, சுமாரா 170 லிட்டர். ஒவ்வொரு வருஷமும் புது எம்.டெக் பசங்க வருவாங்க, அதே எட்டு பிரச்சனையோட என் டேபிளுக்கு வருவாங்க, நானும் அதே கேள்விகளையே கேப்பேன். அதைத்தான் இங்க எழுதி வச்சிருக்கேன். உங்க அறிகுறி எதுவோ அங்க நேரா போயிடுங்க, முழுசா படிக்கணும்னு இல்ல. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணம் முதல்ல, பர்ஸ காலி பண்றது கடைசில. தயவு செஞ்சு கடைசில இருந்து ஆரம்பிக்காதீங்க, போன தடவை ஒருத்தர் எடுத்தவுடனே புது பிளக் ஆர்டர் போட்டாரு, கடைசில பாத்தா டேபிள் கால் ஹோஸ் மேல நின்னுக்கிட்டு இருக்கு.

வால்வ திறந்தாச்சு, பப்பிளே வரல

முதல்ல ரெண்டு இடத்த பாருங்க, ரோட்டாமீட்டர்ல (மிதவை ஏறி கேஸ் ஓட்டத்த காட்டற குழாய்) ஃப்ளோ இருக்கா, கேஜ்ல பிரஷர் இருக்கா. இந்த ரெண்ட வச்சே பாதி வேலை முடிஞ்சிடும்.

*ஃப்ளோவும் இல்ல, பிரஷரும் இல்ல:* சிலிண்டர் மூடியிருக்கு, இல்ல காலியாயிடுச்சு, இல்ல ரெகுலேட்டர் குமிழ உள்பக்கமா முறுக்கல. ரெகுலேட்டர்ல வலது பக்கம் திருப்பினாதான் திறக்கும், தண்ணிக் குழாய் பழக்கத்துல இடது பக்கம் திருப்பிட்டு கேஸ் வரலன்னு நிக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு பேர் கண்டிப்பா இருப்பாங்க.

*ஃப்ளோ இருக்கு, பிரஷர் இல்ல:* எங்கயோ லீக். கேஸ் தொட்டிக்கு வராம வழியிலயே போயிடுது. சோப்புத் தண்ணிய பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவுங்க, புஷ் ஃபிட்டிங்ல பியூ (பாலியூரித்தேன்) டியூப் கோணலா வெட்டியிருந்தா அங்கதான் நுரைக்கும், பிளேடால நேரா வெட்டி திரும்ப சொருகினா போதும். திரெட் இருக்கற இடத்துல டெஃப்லான் டேப். ஆனா ஒண்ணு, சோப்புத் தண்ணி ஒரு சொட்டு கூட தொட்டிக்குள்ள விழக்கூடாது, ஏன்னு கீழ வரும்.

*பிரஷர் இருக்கு, ஃப்ளோ இல்ல:* அடைப்பு. மடங்கின ஹோஸ் முதல் சந்தேகம். அடுத்தது, ராத்திரி கேஸ நிறுத்திட்டு தண்ணிய அப்படியே விட்டுட்டு போயிருப்பீங்க, பிளக்கோட துவாரம் பூரா தண்ணி ஏறி உக்காந்திருக்கும், அத வெளிய தள்ள கொஞ்ச நேரம் கூடுதல் பிரஷர் வேணும். மெதுவா ஏத்துங்க, பிளக்க ஒட்டியிருக்கற பசை பிச்சிக்கிட்டு வர்ற அளவுக்கு ஏத்தாதீங்க. போர் தண்ணி உபயோகிக்கற லேப்னா மூணாவது சந்தேகம் உப்புப் படிவு, பிளக் மேல வெள்ளையா பூத்திருக்கும், சிட்ரிக் ஆசிட்ட தண்ணில கலந்து ஒரு ராத்திரி ஊற வச்சா போயிடும். இதெல்லாம் பண்ணியும் வரலன்னாதான் பிளக் மாத்தணும்.

பிளான்ட்லயும் இதே கணக்குதான். லேடில் அடியில கப்ளிங் சரியா உக்காரலன்னா ஃப்ளோ காட்டும், மேல கலங்காது. பிளக்குல ஸ்டீல் ஏறி உறைஞ்சிருந்தா பிரஷர் காட்டும், ஃப்ளோ வராது. அவங்க ஆக்சிஜன் லான்ஸ் வச்சு எரிச்சு சுத்தம் பண்ணுவாங்க, நமக்கு சிட்ரிக் ஆசிட்.

ஆள கூப்பிட வேண்டிய இடம்: ரெகுலேட்டர்ல இருந்தோ சிலிண்டர் வால்வுல இருந்தோ புஸ்ஸுன்னு சத்தம் வந்தா நீங்க ஸ்பேனர எடுக்காதீங்க. மூடிட்டு, கதவு ஜன்னல திறந்துட்டு, கேஸ் ஏஜென்சிக்கு சொல்லுங்க. 47 லிட்டர் சிலிண்டர் 150 பார்ல இருந்தா உள்ள ஏழு கன மீட்டர் ஆர்கான் இருக்கு. ஆர்கானுக்கு வாசனை கிடையாது, காத்த விட கனம், கீழ தேங்கும். ஏசி போட்டு மூடின சின்ன ரூம்ல அது மொத்தமும் வெளிய வந்தா மூச்சுத் திணறுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஆள் விழுந்துடுவாரு. இந்த ஒரு விஷயத்துல நான் யார்கிட்டயும் ஜோக் அடிக்கறதில்ல.

பப்பிள் ஒரு பக்கமா மட்டும் வருது

பிளக் மேல ரசமட்டம் வச்சு பாருங்க. சாதாரணமா கொத்தனார் வச்சிருக்கறதே போதும். பிளக் லேசா சாஞ்சிருந்தாலும் மேடா இருக்கற பக்கத்துல தண்ணியோட அழுத்தம் கம்மி, கேஸ் அந்த வழியாதான் தப்பிக்கும், குறைஞ்ச ஃப்ளோல இது ரொம்ப நல்லா தெரியும். பிளக்குல பிரச்சனைன்னு நினைச்சு பிடுங்கி பாத்தா தொட்டியோட ஸ்டாண்டே சாஞ்சிருக்கும், தரை டைல்ஸ் அப்படி.

மட்டம் சரியா இருந்தா ஃப்ளோவ ரொம்ப குறைச்சு வச்சு மேல இருந்து டார்ச் அடிச்சு பாருங்க. பிளக் மேல ஒரு பகுதி மட்டும் செத்துப் போயிருந்தா அங்க எம்சீல் வழிஞ்சு மூடியிருக்கும், இல்ல உப்பு. பிளக்கோட ஓரத்துல இருந்து மட்டும் பெரிய பெரிய பப்பிளா வந்தா அது பிளக் வழியாவே வரல, பிளக்குக்கும் தொட்டி அடிக்கும் நடுவுல ஒட்டினது விட்டுப் போச்சு. அத வடிச்சு, காய வச்சு, சுரண்டி, திரும்ப ஒட்டறத தவிர வேற வழி இல்ல, ஈரத்து மேல ஒட்டினீங்கன்னா அடுத்த வாரம் திரும்ப இதே வேலை.

இன்னொண்ணு, பிளக்க சுவத்துக்கு பக்கத்துல வச்சிருந்தா பப்பிள் கூட்டம் மேல போகப் போக சுவத்தப் பாத்து சாயும். அது பழுது இல்ல, அதோட குணம். அதைப் போய் சரி பண்ண உக்காராதீங்க.

ஆள கூப்பிட: அடித்தட்டுல அக்ரிலிக் விரிசல் தெரிஞ்சா. 170 கிலோ தண்ணி மேல நிக்குது, பசை போட்டு சமாளிக்கற விஷயம் இல்ல. அக்ரிலிக் ஃபேப்ரிகேட்டர்கிட்ட குடுங்க. இதுக்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் நாமதான், சுத்தம் பண்றேன்னு ஸ்பிரிட்டாலயோ அசிட்டோனாலயோ துடைக்கறது. அக்ரிலிக்குக்கு ரெண்டும் ஆகாது, முடி மாதிரி கோடு கோடா விட ஆரம்பிச்சிடும்.

விட்டு விட்டு வருது, மூச்சு வாங்கற மாதிரி

கம்ப்ரஸர் லைன்ல இருந்து எடுக்கறீங்களா? அப்ப கம்ப்ரஸர் ஓடி நிக்கற நேரத்தையும் பப்பிள் துடிக்கற நேரத்தையும் ஒத்துப் பாருங்க. உறுதி பண்ண ஒரு சுலபமான வழி, பத்து நிமிஷத்துக்கு சிலிண்டர மாத்தி விட்டு பாருங்க, துடிப்பு நின்னுடுச்சுன்னா குத்தவாளி கம்ப்ரஸர்தான், நடுவுல ஒரு சின்ன டேங்கும் நல்ல ரெகுலேட்டரும் போட்டா தீரும். சிலிண்டர்லயும் துடிச்சா ஹோஸ் தொங்கற இடத்துல தண்ணி தேங்கியிருக்கான்னு பாருங்க, கேஸ் அத தள்ளித் தள்ளி வரும், டியூப்ப தூக்கி வடிச்சு விட்டா சரி.

இது ரெண்டும் இல்லன்னா பிளக்குக்கு கீழ இருக்கற அறை. இத யாரும் யோசிக்கறதே இல்ல. துவாரத்துக்கு கீழ பெரிய காலி இடம் இருந்தா அங்க கேஸ் சேந்து, பிரஷர் ஏறி, ஒரே மொத்தமா பொளக்குன்னு பெரிய பப்பிளா வரும், அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே வராது. வால்வு பத்தடி தள்ளி இருந்தா நடுவுல இருக்கற ஹோஸ் கூட அந்த அறையோட சேந்துடும். வால்வ தொட்டிக்கு பக்கத்துல கொண்டு வாங்க, அறைய சின்னதாக்குங்க, இல்லன்னா துவாரத்துக்கு நெருக்கமா ஒரு மெல்லிசு டியூப் துண்ட போட்டு தடை குடுங்க. செலவு ஒரு டீ காசு.

காலைல ஒரு சைஸ், சாயங்காலம் ஒரு சைஸ்

இதுதான் ராஜா பிரச்சனை. எல்லா செட்டிங்கும் அப்படியே இருக்கு, ஃப்ளோ அதே, பிளக் அதே, கேமரா அதே, ஆனா நேத்து சென்டிமீட்டர் கணக்குல வந்த பப்பிள் இன்னைக்கு சோடா மாதிரி பொடிப் பொடியா வருது. ஒரு பையன் இத வச்சு மூணு பக்கம் எழுதிட்டு வந்துட்டான், பப்பிள் உடையறதுக்கு புதுசா ஒரு காரணம் கண்டுபிடிச்சிட்டேன்னு. நான் தொட்டிக்குள்ள கைய விட்டேன், வழுவழுன்னு இருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் தொட்டிய நல்லா கழுவி வைப்போம்னு பாத்திரம் தேய்க்கற லிக்விட போட்டு தேய்ச்சிருக்கான், பாவம் நல்ல மனசோடதான் பண்ணினான்.

சோப்பு துளி இருந்தாலும் ரெண்டு பப்பிள் ஒட்டி ஒண்ணாகறத அது தடுத்துடும். ஒட்டறதும் உடையறதும்தான் பப்பிள் சைஸோட கதையே, அதுல பாதிய சோப்பு நிறுத்திடுது. அதனால வரிசையா இப்படி பாருங்க.

முதல்ல குலுக்கற டெஸ்ட். சுத்தமான கண்ணாடி பாட்டில்ல தொட்டித் தண்ணிய பாதி எடுத்து நல்லா குலுக்கி வைங்க. நுரை ரெண்டு செகண்டுக்குள்ள காணாம போனா தண்ணி பரவால்ல. நுரை உக்காந்து உங்கள பாத்துச்சுன்னா தண்ணில ஏதோ கலந்திருக்கு. பாட்டிலயும் சோப்பு போட்டு கழுவிட்டு டெஸ்ட் பண்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு எப்பவுமே ஃபெயில்தான்.

கலந்தது எதுன்னு கண்டுபிடிக்க, சோப்பு யாராவது போட்டாங்களான்னு கேளுங்க, உண்மைய சொல்ல மாட்டாங்க, பக்கெட்ட மோந்து பாருங்க. இல்லன்னா கம்ப்ரஸர் எண்ணெய். எண்ணெய் ஓடற கம்ப்ரஸர்ல இருந்து ஆவி மாதிரி எண்ணெய் லைன்ல வரும், நாளாக நாளாக தண்ணி மேல வானவில் கலர்ல படலம் தெரியும். வெள்ளை டிஷ்யூவ ஹோஸ் முனைல பிடிச்சு அஞ்சு நிமிஷம் கேஸ விடுங்க, மஞ்சளா கறை விழுந்துச்சுன்னா ஃபில்டர் வேணும். பிளக்குக்குள்ள எண்ணெய் போயிட்டா அத கழுவி எடுக்கறது பெரும்பாடு, மாத்திடறது நல்லது.

அடுத்தது உப்பு. மிக்ஸிங் டைம் (தொட்டி பூரா ஒண்ணா கலக்க ஆகற நேரம்) பாக்கறதுக்கு பொட்டாசியம் குளோரைட் கரைசல ஊத்தறோம், ஒவ்வொரு ரன்னுக்கும் தண்ணி மாத்த சோம்பேறித்தனம், அப்படியே ஏறிக்கிட்டே போகும். உப்பும் பப்பிள் ஒட்டறத தடுக்கும், ஆனா சோப்பு மாதிரி துளில இல்ல, லிட்டருக்கு பத்து பதினஞ்சு கிராம்னு போகும்போதுதான் நல்லா தெரியும். கடல் அலைல நுரை பொடியா வெள்ளையா இருக்கறதுக்கும், ஆத்துத் தண்ணில அப்படி இல்லாததுக்கும் இதுவும் ஒரு காரணம். ஆனா அந்த அளவு ஏறறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க கண்டக்டிவிட்டி புரோப் (மின் கடத்தல வச்சு உப்பு எவ்வளவு பரவிச்சுன்னு சொல்றது) கெட்டுப் போன கணக்கு குடுக்க ஆரம்பிச்சிருக்கும், அதனால பப்பிளுக்காக இல்லாட்டியும் புரோபுக்காக தண்ணிய மாத்துங்க.

தண்ணியும் சுத்தம்னா, சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற குட்டி பப்பிளையும் சேத்து எண்ணறீங்களான்னு பாருங்க. குழாய்ல இருந்து புதுசா பிடிச்ச தண்ணில கரைஞ்ச காத்து நிறைய இருக்கும், ரூம் சூடாக ஆக அது வெளிய வந்து அக்ரிலிக்ல முத்து முத்தா ஒட்டும். முதல் நாள் சாயங்காலமே பிடிச்சு வச்சு, காலைல சுவத்த ஒரு தடவை ஸ்கேல வச்சு வழிச்சு விட்டுட்டு ஆரம்பிங்க.

எல்லாம் சரியா இருந்தும் பப்பிள் சின்னதாதான் வருதுன்னா, கடைசியா பிளக்கையே சந்தேகப்படுங்க. மீன் தொட்டிக்கு போடற ஏர் ஸ்டோன வாங்கி பிளக்கா வச்சிருக்கீங்கன்னா அது ஒவ்வொண்ணும் ஒரு குணம். சென்னை கொளத்தூர் மீன் கடைல ஒரே டப்பால இருந்து எடுத்த நாலு கல்லும் நாலு மாதிரி வந்துச்சு எனக்கு. நம்பர் எழுதி வச்சு, ஒரு பேப்பருக்கு ஒரே கல்லுன்னு வச்சுக்கோங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லிடணும். இவ்வளவும் சரி பண்ணினாலும் உங்க தண்ணி பப்பிள் ஸ்டீல் பப்பிள் ஆகாது. தண்ணி பிளக்க நனைக்கும், ஸ்டீல் ரிஃப்ராக்டரிய (பிளக் செஞ்சிருக்கற சூடு தாங்கற கல்) நனைக்காது, அதனால ஸ்டீல்ல கேஸ் துவாரத்த விட்டு உடனே கிளம்பாம பிளக் மேல பரவி உக்காந்து பெருசாகித்தான் கிளம்பும். அதோட சர்ஃபேஸ் டென்ஷன் தண்ணிய விட இருபது மடங்கு பக்கமா இருக்கு. நனையாத பிளக் எப்படி நடந்துக்கும்னு பாக்கணும்னா பிளக் முகத்துல லேசா மெழுகு பூசிப் பாருங்க, துவாரம் அடையாம, அதே ஃப்ளோல பப்பிள் பெருசாகறத கண்ணால பாப்பீங்க. இத ஒரு தடவையாவது பண்ணாம யாரும் பப்பிள் சைஸ் பத்தி முடிவுரை எழுதாதீங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன்.

நம்பர் ஒத்துப்போகல

ரோட்டாமீட்டர் சொல்றது ஒண்ணு, நிஜமா வர்றது ஒண்ணு. சந்தேகம் வந்தா வாதாட வேண்டாம், அளவு ஜாடிய தண்ணில முழுக்கி கவுத்து பப்பிள் மேல பிடிங்க, ஒரு லிட்டர் ரொம்ப எத்தன செகண்ட் ஆகுதுன்னு போன் ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. இதுக்கு மேல நேர்மையான மீட்டர் லேப்ல கிடையாது. ஃப்ளோ அதிகமா இருந்தா மட்டும் ஹோஸ கழட்டி பக்கெட்ல விட்டு செய்யுங்க.

ஒத்துப்போகலன்னா, முதல்ல படிக்கற விதம். பந்து மிதவைன்னா பந்தோட நடு, மத்த மிதவைன்னா பெரும்பாலும் அகலமான விளிம்பு. அடுத்து எந்த கேஸுக்கு அந்த மீட்டர்னு மேல எழுதியிருக்கும் பாருங்க. காத்துக்கு அளவு போட்ட ரோட்டாமீட்டர்ல ஆர்கான விட்டா 10ன்னு காட்டும்போது நிஜத்துல 8.5 தான். மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் இதுக்கு நேர் எதிர், நைட்ரஜனுக்கு அளவு போட்டதுல ஆர்கான விட்டா 10ன்னு காட்டும்போது 14 பக்கம் போகுது. ரெண்டையும் ஒரே லைன்ல மாட்டி வச்சுட்டு எதோ ஒண்ணு ரிப்பேர்னு சர்வீஸுக்கு அனுப்பினாங்க ஒரு தடவை, ரெண்டுமே நல்லாதான் இருந்துச்சு.

மூணாவது பிரஷர். ரோட்டாமீட்டருக்கு அப்பறம் வால்வு இருந்தா மீட்டருக்குள்ள பிரஷர் நிக்கும். கேஜ்ல 3 பார் காட்டினா உள்ள நிஜமா 4 பார், நார்மல் லிட்டர்ல (சாதாரண காத்தழுத்தத்துக்கு மாத்தின லிட்டர்) கணக்கு போட்டா போறது படிச்சத விட ரெண்டு மடங்கு. இது தெரியாம எழுதின ரிப்போர்ட் எங்க அலமாரில பத்தாவது இருக்கும்.

பிளான்ட் நம்பரோட ஒத்துப்போகலயா? அப்ப ஸ்கேலிங்க பாருங்க. ஃப்ரூட் நம்பர் (ஓட்டத்தோட வேகத்துக்கும் புவியீர்ப்புக்கும் உள்ள விகிதம்) வழியில ஃப்ளோ நீளத்தோட 2.5 அடுக்குல மாறும், அஞ்சுல ஒரு பங்கு தொட்டிக்கு 0.018 பெருக்கணும், அங்க நிமிஷத்துக்கு 400 லிட்டர்னா இங்க 7 லிட்டர். அஞ்சால வகுத்து 80 லிட்டர் விட்டவங்க கூரை வரைக்கும் தண்ணி அடிச்சத நான் பாத்திருக்கேன். அப்பறம் ஆர்கான் ரூம் சூட்டுல இருந்து 1600 டிகிரிக்கு போனா ஆறு மடங்குக்கு மேல உப்பும், அதுக்கு மேல மூணு மீட்டர் ஸ்டீல் 2 பார் அழுத்தம் குடுக்கும், அடியில கிளம்பின பப்பிள் மேல வரும்போது மூணு மடங்கு ஆகியிருக்கும். நம்ம 60 செ.மீ. தண்ணில இந்த விரிவு கண்ணுக்கே தெரியாது. இத கணக்குல எடுத்தீங்களா இல்லையான்னு முதல் பக்கத்துலயே எழுதிடுங்க, கைடு கேக்கறதுக்கு முன்னாடி.

ஆள கூப்பிட: ஜாடி டெஸ்ட்லயும் எல்லா திருத்தத்துக்கு அப்பறமும் பத்து சதவீதத்துக்கு மேல தப்பு நின்னா கேலிபரேஷனுக்கு அனுப்புங்க. கன்ட்ரோலர திறந்து பாக்காதீங்க, உள்ள இருக்கற சென்சார் டியூப் முடி மாதிரி இருக்கும்.

வீடியோவுல பப்பிள் சரியா விழல

கோடு கோடா இழுத்துக்கிட்டு தெரிஞ்சா ஷட்டர் மெதுவா இருக்கு. தனி பப்பிள் செகண்டுக்கு 20-30 செ.மீ. ஏறும், கூட்டமா போகும்போது இன்னும் வேகம், ஆயிரத்துல ஒரு செகண்ட் வச்சா ஓரளவு நிக்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறி மாறி அடிச்சா அது பப்பிள் இல்ல, எல்இடி பல்பு, 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், பேட்டரியிலயோ டிசி சப்ளையிலயோ ஓடற லைட்ட பின்னாடி வச்சு நடுவுல டிரேசிங் பேப்பர் கட்டுங்க. ஓரத்துல இருக்கற பப்பிள் எல்லாம் நசுங்கி தெரிஞ்சா வட்டத் தொட்டியோட வேலை, வெளிய ஒரு சதுரப் பெட்டி வச்சு நடுவுல தண்ணி ஊத்தினா போயிடும். ஃப்ளோ ஏத்தினா ஒண்ணு மேல ஒண்ணு மறைச்சு ஒரே வெள்ளை மேகமா தெரியும், அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் மருந்து கிடையாது, அங்க பப்பிள் முனைல பட்டா உணர்ற ஊசி புரோப்தான்.

மிக்ஸிங் டைம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது

கொஞ்சம் மாறத்தான் செய்யும், அஞ்சு ஆறு ரன் எடுத்து சராசரி போடுங்க. ஆனா ஒரு தடவை 40, அடுத்த தடவை 70 செகண்ட்னு வந்தா பாக்க வேண்டியது: உப்புக் கரைசல ஊத்தற இடமும் வேகமும். அது தண்ணிய விட கனம், ஓரத்துல சாச்சு ஊத்தினா நேரா அடியில போய் படுத்துக்கும். ஒரே இடம், ஒரே புனல், பப்பிள் மேல வந்து வெடிக்கற இடத்துக்கு நேரா ஊத்துங்க. அப்பறம் புரோப் எங்க இருக்குன்னு பாருங்க, பிளக்குக்கு எதிர் மூலை அடியில தண்ணி கடைசியாத்தான் அசையும், அங்க வச்சாதான் நிஜமான நேரம் கிடைக்கும், மேல வசதியா தொங்க விட்டா சீக்கிரம் கலந்துடுச்சுன்னு பொய் சொல்லும். தண்ணி சூட்டையும் எழுதுங்க, ஒரு டிகிரிக்கு கண்டக்டிவிட்டி 2 சதவீதம் மாறும்.

நேரம் போகப் போக புரோப் நம்பர் தானா மாறிக்கிட்டே போனா முனைல பப்பிள் ஒட்டியிருக்கு, இல்ல டிசி கரன்ட் குடுத்து முனையே அரிச்சுப் போச்சு. ஏசி கரன்ட்ல ஓட்டுங்க. இத எலக்ட்ரானிக்ஸ் லேப் அண்ணன்கிட்ட ஒரு மணி நேரம் கேட்டா முடிச்சுக் குடுப்பாரு, நீங்களா சர்க்யூட் போட்டு ஒரு மாசம் போக்காதீங்க.

எண்ணெய் போட்டா கண்ணு ரொம்ப பெருசா திறக்குது

ஸ்டீல் மேல மிதக்கற கசடு, அதாவது ஸ்லாக்குக்கு பதிலா மண்ணெண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊத்துவோம், பப்பிள் அத விலக்கி நடுவுல கண்ணு மாதிரி திறக்கும். பிளான்ட்ல அந்தக் கண்ணு வழியாத்தான் ஸ்டீல் காத்த குடிக்கும், நைட்ரஜன் ஏறும், அதனாலதான் எல்லாருக்கும் அதுல அக்கறை. மாடல்ல பெருசா தெரியறதுக்கு முதல் காரணம் எண்ணெய் பத்தாம ஊத்தறது, ஸ்கேல வச்சு தடிமன அளந்துக்கோங்க. ரெண்டாவது காரணம் மாத்த முடியாதது. ஸ்லாக் ஸ்டீல்ல பாதி கூட கனம் இல்ல, மண்ணெண்ணெய் தண்ணியோட 0.8 பங்கு கனம், அதனால விலக்கினது திரும்ப வந்து மூட அங்க இருக்கற தெம்பு இங்க இல்ல. அதுக்காக பெட்ரோல் மாதிரி லேசான எதையும் முயற்சி பண்ணாதீங்க, திறந்த தொட்டி, பக்கத்துல எலக்ட்ரிக்கல் வயர், வேண்டவே வேண்டாம். எண்ணெய் பால் மாதிரி கலங்கிட்டா ஃப்ளோ அதிகம், இல்ல மறுபடியும் சோப்பு. எண்ணெய் ஊத்தின தண்ணிய பப்பிள் சைஸ் பாக்க திரும்ப உபயோகிக்கறது மகா பாவம்.

தண்ணிய விட்டு கேலியம் அலாய்க்கு போனவங்களுக்கு

தண்ணி போதாதுன்னு நிஜமான உலோகம் வேணும்னு ஆசைப்பட்டா கேலியம் இண்டியம் டின் கலவை இருக்கு, 10, 11 டிகிரியிலயே உருகி நிக்கும், ரூம் சூட்டுல தண்ணி மாதிரி ஓடும். ஜெர்மனியில டிரெஸ்டன்ல இருக்கற ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையத்துல இதுக்குள்ள ஆர்கான் பப்பிள் போறத எக்ஸ்ரேயில படம் பிடிக்கறாங்க. விலைய கேட்டா தலை சுத்தும், ஒரு லிட்டரே 6.4 கிலோ, அதனால நம்ம ஊர் லேப்ல ஒரு டம்ளர் அளவுலதான் விளையாட்டு.

*மேல தோல் கட்டிக்கிட்டு பப்பிள் வெளிய வரல:* ஆக்ஸைடு. காத்து பட்டாலே பிடிக்கும். மேல ஆர்கான் மூடி வச்சிருக்கீங்களான்னு பாருங்க, பப்பிளா காத்த விட்டுக்கிட்டு இருந்தா அத முதல்ல நிறுத்துங்க. அப்பறம் ஒரு பிளாஸ்டிக் கரண்டியால வழிச்செடுங்க. அதுவும் போதலன்னா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மேல லேசா, ஃபியூம் ஹூடுக்குள்ள, கையுறையோட.

*செல் (உலோகம் ஊத்தின பாத்திரம்) ஓரம் ஒழுகுது, ஃபிட்டிங் கையில உடைஞ்சு வருது:* அலுமினியம் எங்கயோ மாட்டியிருக்கீங்க. கேலியம் அலுமினியத்தோட துகள் எல்லைக்குள்ள புகுந்து முறுக்கு மாதிரி நொறுங்க வச்சிடும். கண்ணாடி, அக்ரிலிக், ஸ்டெயின்லெஸ் மட்டும் வைங்க. லேப்டாப்ப பக்கத்துல வைக்காதீங்க, பாடி அலுமினியம்.

*அல்ட்ராசவுண்ட் சிக்னல் போயிடுச்சு:* உலோகத்துக்குள்ள கண்ணால பாக்க முடியாது, அதனாலதான் அல்ட்ராசவுண்ட். சென்சார் முகத்துல ஆக்ஸைடு ஒட்டி உலோகம் படாம இருக்கு. முகத்த துடைச்சு, உலோகத்தால நல்லா தேய்ச்சு நனைச்சு திரும்ப வைங்க. சிக்னல் வருது ஆனா வேகம் எல்லாம் பாதி மாதிரி இருக்கா? மெனுவுல ஒலி வேகம் தண்ணிக்கு வச்ச 1480லயே நிக்குது. இந்த அலாய்ல அது 2700 பக்கம், மாத்தினா ஆழமும் வேகமும் ரெண்டும் சேந்து சரியாயிடும்.

*அல்ட்ராசவுண்ட்ல பப்பிள் சைஸ் தெரியல, எக்ஸ்ரே வேணும்:* இங்க நிறுத்துங்க. பழைய டென்டல் மெஷின் கிடைக்குது சார்னு யாராவது வந்து சொல்லுவாங்க. நம்ம நாட்டுல எக்ஸ்ரே கருவிய வைக்கறதுக்கும் ஓட்டறதுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட அனுமதி வேணும், தடுப்புச் சுவர் கணக்கு, கதிர் அளவ காட்டற பேட்ஜ், எல்லாம் வேணும். உங்க நிறுவனத்துல ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர் இருந்தா அவர்கிட்ட போங்க, இல்லன்னா ஏற்கனவே அனுமதியோட ரேடியோகிராஃபி பண்ற இடத்துக்கு செல்ல தூக்கிட்டு போங்க. செல்ல ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மெல்லிசா பண்ணி எடுத்துட்டு போங்க, அதுக்கு மேல போனா கதிர் ஊடுருவாம படத்துல ஒண்ணுமே தெரியாது.